இன்மை அறிக்கைக்குள் ஒரு டயர் மலை

பழைய டயர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கென்றே ஓர் அலுவலகம் இருந்தது. எல்லையோரப் பகுதிகளில் அனுமதியின்றிக் கொட்டப்படும் கழிவு டயர்களைக் கண்டறிதல் மற்றும் மேலாண்மைப் பிரிவு என்று வாசலில் பலகை. அதைப் படித்து முடிப்பதற்குள் உள்ளே இருப்பவர்கள் சாப்பிடப் போய்விடுவார்கள் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அது பொய். அவர்கள் எங்கும் போவதில்லை. மேசையை விட்டு எழுந்திருக்காமலேயே சாப்பிடுவார்கள்.

உள்ளே மூன்று பேர். கையெழுத்துப் போட ஓர் அதிகாரி, எழுத ஒரு குமாஸ்தா, நடக்க ஓர் ஆள். நடக்கிற ஆளை எல்லோரும் மோப்பம் என்று கூப்பிட்டார்கள். வீட்டில் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் அவர் பதினெட்டு வருஷம் பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டுகிற பட்டறையில் வேலை பார்த்தவர். அந்தப் புகையில் மூக்கு வெந்து, வேறு எந்த வாசனைக்கும் உதவாமல் போய்விட்டது. அடுப்பில் சோறு தீய்ந்தாலும் தெரியாது. அவருடைய மனைவிக்கு இதில் வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் வெயிலில் காய்கிற ரப்பர் மட்டும் அரை மைலுக்கு அப்பால் இருந்தாலும் தெரிந்துவிடும். தலையைக் கொஞ்சம் சாய்ப்பார், "இந்தப் பக்கம்" என்பார், நடப்பார். முட்புதரைத் தள்ளிப் பார்த்தால் அங்கே ஐந்நூறு டயர் கிடக்கும்.

டயருக்குச் சாவு கிடையாது. சாலையில் அது தேய்ந்து முடிந்த பிறகுதான் அதன் உண்மையான ஆயுள் ஆரம்பிக்கிறது. எரித்தால் ஊரே இருமும். புதைத்தால் இரண்டு மழைக்குப் பிறகு மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே வந்து எட்டிப் பார்க்கும். அதனால் லாரிக்காரர்கள் அதை எல்லைக்குக் கொண்டுவந்தார்கள். எல்லை என்றதும் முள்வேலி, கோபுரம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கால் மைலுக்கு ஒரு கல். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் வெறும் நம்பிக்கை. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை காவலர் ஒருவர் சைக்கிளில் போவார். அங்கே எதைப் போட்டாலும் இந்தப் பக்கத்தார் அந்தப் பக்கத்தாருடையது என்பார்கள், அந்தப் பக்கத்தார் இந்தப் பக்கத்தாருடையது என்பார்கள். குப்பைக்கு இதைவிட நிம்மதியான இடம் எங்கே கிடைக்கும்?

அலுவலகத்தின் வேலைமுறை எளிமையானது. மோப்பம் குவியலைக் கண்டுபிடிப்பார். குமாஸ்தா வந்து கண்ணுக்குத் தெரிகிற டயர்களை எண்ணி மூன்றால் பெருக்குவார். ஏன் மூன்று என்று யாருக்கும் தெரியாது, முந்தைய குமாஸ்தாவும் மூன்றால்தான் பெருக்கினார். பிறகு "இங்கே டயர் கொட்டக்கூடாது" என்று ஒரு பலகை நடப்படும். அதுதான் மேலாண்மை. பலகை நட்ட மறு வாரம் குவியல் இரண்டு மடங்காகும். எங்கே கொட்டுவது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்த லாரிக்காரர்களுக்கு அதைவிடத் தெளிவாக யாரும் விலாசம் எழுதிக் கொடுத்ததில்லை.

ஐந்து வருஷத்தில் மோப்பம் இருபத்தாறு குவியல்களைக் கண்டுபிடித்தார். இருபத்தாறும் பதிவேட்டில் ஏறின. ஏறாதது ஒன்றே ஒன்று. அது அவருடைய தங்கை வீட்டுக்குப் பின்னால் இருந்தது.

தங்கை விடுதிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கிறவள். கணவன் தூரத்தில் ஏதோ ஆலையில் வேலை, வருஷத்துக்கு இரண்டு தடவை வருவான். ஊரின் கடைசி வீடு அவளுடையது. பின்கதவைத் திறந்தால் துணி காயப்போடும் கொடி, கொடிக்குப் பின்னால் மலை. கூரையைவிட இரண்டு ஆள் உயரத்துக்கு டயர் மலை. லாரி டயர், டிராக்டர் டயர், ஸ்கூட்டர் டயர் என்று குடும்பம் குடும்பமாகக் கிடந்தன.

போன மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. டயருக்குள் தேங்குகிற தண்ணீரில் பிறக்கிற கொசு கொடுத்த காய்ச்சல். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. மோப்பம் அந்தப் பதினோரு நாளும் வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, முதல் தடவையைவிட இரண்டாவது தடவைதான் இதில் ஆபத்து என்றார். "இன்னொரு தடவை வந்துச்சுன்னா எங்க கையில எதுவும் இல்லைங்க. தண்ணி தேங்காமப் பாத்துக்கங்க, அவ்வளவுதான்."

தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்வது என்றால் இரண்டாயிரம் டயர். மழைக்கு இன்னும் மூன்று வாரம்.

என்னோடு வந்து இருந்துவிடு என்று மோப்பம் தங்கையைக் கூப்பிட்டுப் பார்த்தார். அவரும் மனைவியும் இருந்தது ஒற்றை அறை. அவள் விரிப்பைப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

"எங்க படுக்கறது? உன் கட்டிலுக்கு மேலயா, கீழயா?"

"கொஞ்ச நாளைக்குத்தானே."

"அண்ணே, ஊரு உலகமெல்லாம் போய் மோந்து மோந்து கண்டுபிடிக்கிறே. தங்கச்சி கொல்லையில இருக்கறது மட்டும் உன் மூக்குக்கு எட்டலையா?"

"எட்டுது. பதிவேட்டுக்குத்தான் எட்டல."

"அப்ப பதிவேட்டுக்கு ஒரு நல்ல மூக்கா வாங்கி வைக்கச் சொல்லு" என்று அவள் விரிப்பை உதறினாள். அதன் ஓரத்தில் கறுப்புத் தூசி கோடு போட்டிருந்தது. மறுபடி தொட்டியில் போட்டாள்.

பதிவேட்டில் ஏறாததற்குக் காரணம் இருந்தது. அதில் எட்டுக் கட்டங்கள். ஏழாவது கட்டம், எல்லைக்கல்லுக்கு எந்தப் பக்கம். மற்றக் குவியல்களெல்லாம் கல்லைவிட்டுத் தள்ளி இருந்தன, கட்டம் நிரம்பியது. இந்த மலை கல்லின் மேலேயே உட்கார்ந்திருந்தது. கல் அடியில் எங்கோ கிடந்தது. கல்லைப் பார்க்காமல் ஏழாவது கட்டத்தை நிரப்ப முடியாது. கட்டம் நிரம்பாமல் குவியல் என்று சொல்ல முடியாது. குவியல் என்று சொல்லாமல் ஒரு டயரைக்கூட நகர்த்த முடியாது. நகர்த்தாமல் கல்லைப் பார்க்க முடியாது.

அதிகாரி இதை விளக்கும்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி இருக்கும், நன்றாகப் பூட்டிய கதவை இழுத்துப் பார்க்கிறவனுக்கு வருகிற திருப்தி.

"நான் வேணாம்னு சொல்றனா? கல்லைக் காட்டு. நாளைக்கே நடவடிக்கை."

அப்படியானால் கல் கிடைக்கிறவரை டயர்களில் துளையாவது போட்டுவிடலாம், தண்ணீர் வடிந்துவிடும் என்று மோப்பம் கேட்டார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். அவற்றில் பாதி அடுத்த நாட்டுப் பொருளாக இருக்கலாம், அடுத்த நாட்டுப் பொருளில் துளை போடுவதன் விளைவு என்னவென்று தெரியுமா என்று கேட்டார். மோப்பத்துக்குத் தெரியவில்லை. அதிகாரிக்கும் தெரியாது என்பது கண்ணாடியைத் துடைத்த விதத்திலேயே தெரிந்தது.

அந்த மலை விஷயத்தில் அலுவலகம் சும்மா இருந்தது என்றும் சொல்லிவிட முடியாது. மாதம் தவறாமல் ஓர் இன்மை அறிக்கை போனது. "மேற்படி இடத்தில் கல்லுக்கு இந்தப் பக்கம் டயர் ஏதும் இல்லை. நேரில் பார்வையிடப்பட்டது." பதிவேட்டில் இல்லாததை இருக்கிறது என்று எழுத முடியாது அல்லவா, அதனால் இல்லை என்று எழுதினார்கள். அறுபத்திரண்டு மாதமாக அதே வாக்கியம். தட்டச்சு செய்யும் சிரமத்தை மிச்சப்படுத்த மொத்தமாக நகல் எடுத்து வைத்திருந்தார் குமாஸ்தா. மாதம் மட்டும் பேனாவால் போடுவார். காகிதத்தைக் கையெழுத்துக்காக அதிகாரியின் மேசைக்குக் கொண்டுபோவது மோப்பத்தின் வேலை. தங்கை வீட்டுக் கொல்லையில் எதுவும் இல்லை என்று அறுபத்திரண்டு தடவை தன் கையாலேயே எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறார்.

மோப்பம் கல்லைத் தேடக் கிளம்பினார். விடுமுறை நாள், உச்சி வெயில். அனுமதி கேட்கவில்லை. கேட்டால் என்ன கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும். ஒரு கொக்கியும் கயிறும் எடுத்துக்கொண்டு மலையின் ஓரத்திலிருந்து ஒவ்வொரு டயராக இழுத்துப் பின்னால் உருட்டினார். சில டயர்களில் போன வருஷத்துத் தண்ணீர் இன்னும் இருந்தது, கறுப்பாக, வாயில் ஏதோ வைத்திருப்பதுபோல் குலுங்கியது. நடுவில் ஒரு லாரி டயருக்குள் ஒரு மரம் முளைத்து, வளையத்தை நிறைத்துக்கொண்டு ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போனார்.

இரண்டாவது விடுமுறை நாளில் மலைக்கு உள்ளிருந்து யாரோ இருமுகிற சத்தம் கேட்டது. ஒரு டிராக்டர் டயரை இழுத்தார், அது வரவில்லை. மறுபக்கத்திலிருந்தும் யாரோ அதையே இழுத்துக்கொண்டிருந்தார்கள். விட்டதும் டயர் உள்ளே போனது, பின்னால் ஒருவர் விழுகிற சத்தம், ஒரு கெட்ட வார்த்தை, பிறகு வளையத்துக்குள் ஒரு மொட்டைத் தலை.

"நீங்க அந்த ஆபீஸா?" என்றது தலை.

"ஆமா. நீங்க?"

"நான் இந்த ஆபீஸு. கல்லைக் காட்டுன்னான் எங்காளு."

"எங்காளும் அதேதான்."

அந்தப் பக்கத்திலும் ஓர் அலுவலகம் இருந்தது, அங்கேயும் நடக்க ஓர் ஆள்தான் இருந்தார். மொட்டையின் வீடு மலைக்கு அந்தப் பக்கம். வீட்டில் மூன்று பேருக்குக் காய்ச்சல் வந்து, இரண்டு பேர் பிழைத்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். ஒரு நாட்டு டயரும் இன்னொரு நாட்டு டயரும் ஒரே மாதிரிதான் கனத்தன.

கடைசியில் கல் கிடைத்தது. கிடைத்து என்ன? ஏதோ ஒரு லாரி பின்னால் வரும்போது இடித்துத் தள்ளியிருக்க வேண்டும், கல் குப்புறக் கிடந்தது. நின்றிருந்த குழி எதுவென்று தெரியவில்லை. பக்கத்தில் நாலைந்து குழிகள் இருந்தன. இரண்டு பேரும் அதன் மேலேயே உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள்.

கிடக்கிற இடத்திலேயே தூக்கி நிறுத்திவிடலாம் என்றார் மொட்டை. மோப்பம் வேண்டாம் என்றார். நடுவில் நின்றால் பாதி உங்களுடையது, பாதி எங்களுடையது ஆகும், இரண்டு பேரும் அடுத்தவன் முதலில் எடுக்கட்டும் என்று உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் பக்கம் நாங்கள் தள்ளுவோம், எங்கள் பக்கம் நீங்கள் தள்ளுவீர்கள். பேசிக்கொண்டே வந்தவர் பேச்சைப் பாதியில் நிறுத்தினார். அறுபத்திரண்டு காகிதங்கள் அவருடைய கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. எங்கள் பக்கம் ஒன்றுமே இல்லை என்று கையெழுத்துப் போட்ட காகிதங்கள்.

"ஏம்ப்பா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"உங்க நாட்டுல ஒரு நாப்பது அடி கொடுப்பியா?"

மொட்டை அவரை ஏற இறங்கப் பார்த்தார். மோப்பம் விளக்கிச் சொன்னார். மலை முடிகிற இடத்துக்கு அந்தப் பக்கம் கல்லை நட்டுவிட்டால் மொத்த மலையும் இந்தப் பக்கம் வந்துவிடும். இந்தப் பக்கம் போன மாதம்வரை எதுவும் இல்லை, அதிகாரி நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். அப்படியென்றால் இவ்வளவும் இந்த மாதம்தான் வந்திருக்க வேண்டும். எங்கிருந்து? அப்புறம் அவர்கள் பாடு.

மொட்டை யோசித்தார். கல்லை நகர்த்துவது கம்பி எண்ண வைக்கிற குற்றம் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவர் எழுந்து பின்பக்கத்துத் தூசியைத் தட்டினார்.

"எடுத்துக்க. அதுல எனக்குன்னு என்ன, வீடா வாசலா? டயருதான் இருக்கு."

கல்லை இரண்டு பேரால் தூக்க முடியவில்லை. ஒரு டிராக்டர் டயரைப் படுக்கப்போட்டு, அதன் மேல் கல்லைப் புரட்டி, கயிறு கட்டி இழுத்தார்கள். காலைச் சைக்கிளுக்கும் சாயங்காலச் சைக்கிளுக்கும் நடுவில் எல்லை நாற்பது அடி நகர்ந்தது. ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை, ஒரு தலைவர் பேசவில்லை. அந்த மலையில் ஒரு டயர் முதல்முறையாக உருப்படியான வேலை செய்தது.

மறுநாள் காலை மோப்பம் அதிகாரியின் மேசை முன்னால் போய் நின்றார்.

"சார், கல்லு கெடச்சிருச்சு."

குமாஸ்தாவின் பேனா நின்றது. அதிகாரி முதலில் கேட்டது, "எந்தப் பக்கம்?"

"மொத்தமும் நம்ம பக்கம் சார்."

ஐந்து வருஷத்தில் அன்றுதான் அதிகாரி முதல்முறையாக நாற்காலியை விட்டு எழுந்து அந்த இடத்துக்கு வந்தார். காலணியில் சேறு படாமல் இருக்கக் குமாஸ்தா பழைய செய்தித்தாளை விரித்துக்கொண்டே முன்னால் நடந்தார். சேறு எதுவும் இல்லை, வெறும் புழுதி, இருந்தாலும் விரித்தார். அதிகாரி கல்லைப் பார்த்தார். மலையைப் பார்த்தார். மறுபடி கல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கொடிக்குப் பின்னால் தங்கை விரிப்பு காயப்போடுகிற மாதிரி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

மோப்பம் பணிவாகக் கேட்டார். "சார், போன மாசம் நேர்ல பாத்துட்டு ஒண்ணும் இல்லைன்னு எழுதியிருக்கோமே. அது தப்பா சார்?"

"தப்பா எழுதுவமா நாம?"

"இல்ல சார். அப்ப இது?"

அதிகாரியின் நெற்றியில் வேர்வை கோடு கோடாக இறங்கியது. அறுபத்திரண்டு கையெழுத்தும் அவருடையது. இது முன்பே இருந்தது என்றால் அவர் இல்லை. அவர் இருக்க வேண்டுமென்றால் இது இருந்திருக்கக்கூடாது. வெகு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை, அந்த விஷயத்தில் அவர் கெட்டிக்காரர்.

"வந்திருக்குய்யா" என்றார். கையை நீட்டி அந்தப் பக்கத்தைக் காட்டினார். "அங்கேருந்து இங்க கடத்திக் கொண்டாந்து போட்டிருக்கானுங்க. இந்த மாசம்தான்."

"ரெண்டாயிரம் டயரா சார்?" என்று குமாஸ்தா மெதுவாகக் கேட்டார்.

"பெரிய கும்பலா இருக்கும்."

கடத்தல் என்ற சொல்லுக்கு என்ன சக்தி என்று மோப்பம் அன்றைக்குத்தான் பார்த்தார். குப்பை என்றால் ஐந்து வருஷம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடத்தல் என்றதும் மத்தியானத்துக்குள் சுங்கத் துறையினர் மூன்று ஜீப்பில் வந்து இறங்கினார்கள். படம் எடுக்க ஒருவர், பேட்டி கொடுக்க ஒருவர், டயரைச் சுற்றி மஞ்சள் நாடா கட்ட நாலு பேர். சுங்க அதிகாரி மலையைச் சுற்றி வந்தவர் மரத்துக்கு முன்னால் நின்றார். டயருக்குள்ளிருந்து வளர்ந்து, அடிமரம் வளையத்தை நெரித்துக்கொண்டு, கிளையில் ஒரு பறவைக் கூட்டோடு நின்ற மரம்.

"இது?" என்றார்.

நம்ம அதிகாரி கண் இமைக்கவில்லை. "மரத்தோடயே கடத்தியிருக்கானுங்க சார்."

சுங்க அதிகாரி தலையாட்டி எழுதிக்கொண்டார். பறிமுதல் பட்டியலில் டயருக்குக் கீழே மரம் ஒன்று, கூடு ஒன்று என்று ஏறியது. மொட்டையின் அதிகாரி அந்தப் பக்கத்திலிருந்து கை கட்டி நின்று வேடிக்கை பார்த்தார். நாற்பது அடி நாடு போனதை அவர் கவனிக்கவில்லை. மலை போன சந்தோஷத்தில் இருந்தார்.

லாரிகள் வந்தன. முதல் நாள் படமெடுக்கிறவர் இருந்ததால் ஏற்றுக்கூலி ஆட்கள் ஓடி ஓடி ஏற்றினார்கள். இரண்டாவது நாள் நடந்து ஏற்றினார்கள். மூன்றாவது நாள் மத்தியானம் சுங்கத்தின் கிடங்கு நிறைந்துவிட்டது என்று செய்தி வந்தது, மஞ்சள் நாடாவைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மலை இருந்த இடத்தில் கணுக்கால் உயரத்துக்கும் முழங்கால் உயரத்துக்கும் டயர்கள் பரவிக் கிடந்தன. ஐந்நூறு இருக்கும். கொசுவுக்கு ஐந்நூறு தாராளம்.

வானம் மேற்கே கறுக்க ஆரம்பித்திருந்தது. மோப்பம் அலுவலகத்துக்கு ஓடினார். அங்கே அதிகாரிக்குப் பாராட்டுக் கடிதம் வந்திருந்தது. குமாஸ்தா அதற்குச் சட்டம் போடுவதற்காக அளவெடுத்துக்கொண்டிருந்தார்.

"சார், மிச்சம் கெடக்கு."

"எந்த மிச்சம்?"

"ஐந்நூறு டயர் சார். லாரி இன்னொரு நாள் வந்தாப் போதும்."

அதிகாரி ஒரு காகிதத்தை அவர் பக்கம் திருப்பினார். கடத்தப்பட்ட டயர்கள் முழுவதும் பறிமுதல் செய்யப்பட்டு இடம் சுத்தப்படுத்தப்பட்டது, நேரில் பார்வையிடப்பட்டது. கையெழுத்து இன்னும் ஈரமாக இருந்தது.

"முழுசும் போயிருச்சு. கோப்பு மூடியாச்சு."

"சார், என் தங்கச்சிக்கு இன்னொரு தடவை காய்ச்சல் வந்தா—"

"மோப்பம்." அதிகாரி குரலை உயர்த்தவில்லை. குமாஸ்தாவை வெளியே போகச் சொல்லிவிட்டு, கதவு சாத்துகிறவரை காத்திருந்தார். "அன்னிக்கு அந்தக் கல்லைப் பாத்தேன். சுத்தி மண்ணு புதுசா இருந்துச்சு. கல்லு இழுத்துட்டு வந்த தடம் புழுதியில நேரா இருந்துச்சு. நான் எதாவது கேட்டேனா?"

மோப்பம் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"கேக்கல சார்."

"கேக்க மாட்டேன். நீயும் கேக்காத."

இவ்வளவு நாளும் இந்த ஆளை முட்டாள் என்று நினைத்திருந்தோமே என்று மோப்பத்துக்கு அப்போதுதான் உறைத்தது. முட்டாளாக இருந்தால்கூட ஒருவேளை கெஞ்சிப் பார்க்கலாம். கெஞ்சுவதற்கு இனி எதுவும் மிச்சமில்லை என்றானதும் வேறு ஒன்று தோன்றியது.

"சார், அங்க டயரே இல்லைன்னு ஆயிப்போச்சு இல்ல?"

"ஆமா."

"அப்ப அடுத்த நாட்டுப் பொருளும் இல்ல, பறிமுதல் பொருளும் இல்ல."

"இல்ல."

"இல்லாத டயர்ல நான் துளை போட்டா?"

அதிகாரி கடிதத்துக்குச் சட்டம் கறுப்பில் போடுவதா, மரநிறத்தில் போடுவதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லாததுல என்ன வேணா போட்டுக்கய்யா. லீவு எழுதிக் குடுத்துட்டுப் போ."

மூன்று நாள் லீவு. பட்டறையில் கூட வேலை பார்த்தவர்களிடமிருந்து மூன்று உளியும் சுத்தியலும் வாங்கிவந்தார். மலையாக இருந்தபோது துளை போட எண்ணியதே அசட்டுத்தனம், மேலே இருப்பதை எட்டினாலும் அடியில் இருப்பதை எட்ட முடியாது. இப்போது எல்லாமே கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தன. மறுநாள் விடிந்ததும் மொட்டை தன் சொந்தச் சுத்தியலோடு வந்துவிட்டார். டயரைப் படுக்கப்போட்டு, பக்கச் சுவரில் உளியை வைத்து இரண்டு அடி. எதிர்ப்பக்கம் ஒரு துளை. திருப்பிப் போட்டு மறுபடி இரண்டு. உள்ளே தண்ணீர் இருந்தால் கறுப்பாக வழிந்து ஓடும். தங்கை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். கை காலெல்லாம் துணியைச் சுற்றியிருந்தாள். அண்ணன் அவளை உள்ளே போகச் சொன்னார்.

"உள்ள போனா கொசு வெளியவே இருந்துக்குமா? அந்த உளியை இப்படித் தள்ளு."

அவள் அடிக்கிற அடி மற்ற இருவருடையதைவிடச் சுத்தமாக விழுந்தது. இருபது வருஷமாக ஈர விரிப்பைக் கல்லில் அறைந்த கை. மத்தியானத்துக்குள் மொட்டையைவிடப் பத்து டயர் கூடுதலாகப் போட்டுவிட்டு, அடுத்த நாட்டில் ஆண்களுக்குக் கையே கிடையாதா என்று கேட்டாள். மொட்டை அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

முதல் நாள் நூற்று எழுபது. இரண்டாவது நாள் கை வீங்கி, நூற்று நாற்பது. சாயங்காலம் சைக்கிளில் வந்த காவலர் ஒரு காலை ஊன்றி நின்று, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். ஒன்றும் இல்லாத இடத்தில் ஒன்றும் செய்யவில்லை என்றாள் தங்கை. காவலர் யோசித்தார், அவருக்கும் வீட்டுக்குப் போக நேரமாகிவிட்டது.

மூன்றாவது நாள் சாயங்காலம் முதல் துளி விழுந்தது, மோப்பத்தின் புறங்கையில். அவர் நிமிர்ந்து எண்ணிப் பார்த்தார். துளை போடாதவை அறுபதுக்கு மேல் இருந்தன. இன்னும் அரை மணி கிடைத்திருந்தால் பத்து முடித்திருக்கலாம். மழை அரை மணி கொடுக்கவில்லை.

"உருட்டு" என்றாள் தங்கை.

"எங்க?"

"வீட்டுக்குள்ளதான். வேற எங்க கூரை இருக்கு?"

மூன்று பேரும் உருட்டினார்கள். கொடியைத் தாண்டி, துவைக்கிற கல்லைத் தாண்டி, பின்வாசல் வழியாக, நனைந்த டயர்களைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஒவ்வொன்றாக உள்ளே ஏற்றினார்கள். அடுப்படி நிறைந்தது. கட்டிலுக்கு அடியிலும் மேலேயும் ஸ்கூட்டர் டயர்கள் போயின. வெளுத்து மடித்து வைத்திருந்த விரிப்புகளை அவள் ஒரு கையால் அள்ளிப் பரணில் எறிந்தாள். கடைசி டயரை உருட்டிக்கொண்டு வந்த மொட்டை வாசற்படியில் நின்றுவிட்டார். மழை அவருடைய தலையில் தெறித்தது. கொல்லைவரை வந்தது வேறு, அடுத்த நாட்டில் ஒரு வீட்டுக்குள் காகிதம் இல்லாமல் காலை வைப்பது வேறு என்று இழுத்தார்.

"நாப்பது அடி நாட்டையே தூக்கிக் குடுத்துட்டு வாசப்படிக்குப் பாக்குறீங்களா? உள்ள வாங்க அண்ணே, கதவைச் சாத்தணும்."

மொட்டை உள்ளே வந்தார். உட்கார இடம் இல்லை, டயர் மேல்தான் உட்கார வேண்டியிருந்தது. மோப்பம் பின்கதவைக் கொஞ்சம் திறந்து வெளியே பார்த்தார். கொல்லை முழுவதும் மழை. துளை போட்ட டயர்களுக்குள் விழுகிற தண்ணீர் நிற்காமல் அடியில் சின்னச் சின்ன ஓடைகளாக வெளியேறிச் சரிவில் போய்க்கொண்டிருந்தது. எதிலும் தேங்கவில்லை. எதிலுமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, தூரத்தில் இருந்தவை தெரியவில்லை. மழை விட்டதும் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்க வேண்டும். நாளைக்கும் பார்க்க வேண்டும்.

பின்னால் டங் என்று சத்தம் கேட்டது. தங்கை அடுப்படியில் ஒரு டயரைப் படுக்கப்போட்டு உளியை வைத்துவிட்டாள்.

"நீ என்ன வேடிக்கை பாத்துட்டு நிக்கிறே?" என்றாள். "அடி. ராத்திரி நான் கட்டில்ல படுக்கணும்."